மலைமேல் இருக்கிற சாமியின் பேர்

"பொம்பளைங்களுக்கு ஓட்டு வேணும்னு மொதமொதல்ல ஆருங்கம்மா ஓட்டுப் போட்டாங்க?"

ரங்கம்மாள் மாட்டுக்குத் தவிட்டைக் கலக்கிக்கொண்டிருந்தபோது பூங்கொடி இப்படிக் கேட்டாள். கலக்கிய கை அப்படியே நின்றுவிட்டது. ஐந்தாம் வகுப்புப் படிக்கிற பெண். எதையும் ஓட்டுப் போட்டுத்தான் முடிவு செய்வார்கள் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாளாக யோசித்திருக்கிறாள்.

"அதுக்கு முந்தி பொம்பளைங்களுக்கு ஓட்டு இல்லீல்ல? அப்ப குடுக்கலாமா வேண்டாமான்னு வேற ஆரோ ஓட்டுப் போட்டிருக்கோணுமல்லங்கம்மா?"

"எனக்கு அதெல்லாம் தெரியாது கண்ணு. நாளைக்கு ஓட்டுப்போடப் போறேனில்ல, அங்க வர்ற டீச்சருகளக் கேட்டுட்டு வந்து சொல்றேன்."

"மறந்துபோடாதீங்க."

"மறக்கல போ. அந்தக் கன்னுக்குட்டிய இழுத்துக் கட்டு."

அது தொண்ணூற்றாறாம் ஆண்டு. அன்னூருக்கு வடக்கே இருந்த அந்த ஊரில் பஞ்சாயத்துத் தேர்தல் நடந்து வெகுகாலம் ஆகியிருந்தது. இந்த முறை தலைவர் இடத்தைப் பெண்களுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். நின்றவர்கள் இரண்டு பேர். ஒருவர் சத்துணவுக்கூடத்தில் வேலை பார்க்கும் பழனியாத்தாள். இன்னொருவர் அரிசி ஆலை பாலுசாமியின் மனைவி நாச்சியம்மாள். நாச்சியம்மாளின் சுவரொட்டியில் பாலுசாமியின் படம்தான் பெரியதாக இருந்தது. அதன் கீழே மூலையில், தபால்தலை அளவுக்கு, நாச்சியம்மாள் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

ரங்கம்மாளின் கணவர் மருதாசலம் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அவர் இருந்தவரை தேர்தல் என்றால் புதுச்சேலை கட்டிக்கொண்டு அவர் பின்னால் போவாள். வாசலில் அவர் திரும்பிப் பார்த்து, "மேல இருந்து ரெண்டாவது" என்று மட்டும் சொல்வார். உள்ளே போய் மேலிருந்து இரண்டாவதில் குத்திவிட்டு வருவாள். அது யாருடைய சின்னம் என்று வீட்டுக்கு வந்த பிறகு கேட்டதும் உண்டு. அவர் கெட்ட மனிதர் இல்லை. அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

இந்த முறை சொல்வதற்கு ஆள் இல்லை. அவளாகவே முடிவு செய்திருந்தாள். மருதாசலம் போன பதினாறு நாளும், சத்துணவுக்கூடத்து வேலையை முடித்துவிட்டு மேக்காட்டில் இருந்த இவள் வீட்டுக்கு நடந்து வந்து, தன் வீட்டில் ஆக்கிய சோற்றைப் பூங்கொடிக்கு ஊட்டிவிட்டுப் போனவள் பழனியாத்தாள். அதை அவள் யாரிடமும் சொல்லிக் காட்டியதும் இல்லை. அப்படிப்பட்டவள் ஊருக்கும் செய்வாள் என்று ரங்கம்மாளுக்குத் தோன்றியது. வாழ்க்கையில் தானாக யோசித்துப் போடப்போகும் முதல் ஓட்டு அது.

மறுநாள் புரட்டாசிச் சனிக்கிழமை. பால் கறந்து, சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு, குளித்துச் சேலை மாற்றிக்கொண்டு அவள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. வரிசையில் நின்று, முறை வந்ததும் சீட்டை நீட்டினாள். முதல் மேசையில் இருந்தவர் லட்சுமணசாமி. மதுக்கரையில் வாத்தியார். தேர்தல் வேலைக்கு வந்திருந்தார். வீட்டுக்காரர் பேரைக் கேட்டார், அவள் சீட்டைத் தொட்டுக் காட்டினாள். சீட்டைப் பார்த்து, பட்டியலைப் புரட்டி, கோடு போடப்போன பேனா நின்றது.

"ரங்கம்மாள், கணவர் மருதாசலம்... ஏனுங்கம்மா, உங்க ஓட்டு விழுந்துபோச்சே?"

"இல்லீங்களே. இப்பத்தானுங்க வாரேன்."

"காலையிலயே போட்டாச்சுன்னு கோடு இருக்குதுங்க."

ரங்கம்மாள் இடதுகை ஆள்காட்டி விரலை நீட்டினாள். மை இல்லை.

ஏஜெண்டுகள் உட்கார்ந்திருந்த பெஞ்சிலிருந்து பாலுசாமி எட்டிப் பார்த்தார். தன் மனைவிக்குத் தானே ஏஜெண்ட்.

"எருக்கம்பால் வெச்சுத் தேச்சா மை போயிருமுங்க சார். எத்தன பாத்திருக்கறோம்."

"ஏனுங்க மச்சான், நான் எருக்கம்பாலுக்கு எங்கீங்க போவேன்? எருமப்பால் கறக்கறதுக்கே எனக்கு நேரமில்ல."

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். பாலுசாமி சிரிக்கவில்லை.

சத்தம் கேட்டு, உள்மேசையிலிருந்து தலைமை அலுவலர் எழுந்து வந்தார். மெஹராஜ் என்று பெயர். கோயமுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியை. தலையில் முக்காடு, மூக்கில் தடித்த கண்ணாடி. ரங்கம்மாளின் விரலை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சுத்தமா இருக்கு. உங்க பேர்ல வேற யாரோ போட்டுட்டாங்க போலிருக்கும்மா. இதுக்கு ஒரு வழி இருக்கு. உங்களுக்குத் தனியா ஒரு ஓட்டுச்சீட்டு தருவேன். குத்திக் கொடுங்க. அதை ஒரு கவர்ல போட்டு ஒட்டி வைப்பேன்."

"பொட்டிக்குள்ள விழுகாதுங்களா?"

"விழாது."

"கவர எண்ணுவாங்களாங்க?"

மெஹராஜ் பொய் சொல்லத் தெரியாதவர். "கோர்ட்டுல கேட்டாத்தான் எடுத்துப் பார்ப்பாங்க" என்றார்.

"அப்ப எனக்கு அது வேண்டாமுங்க. என்ற ஓட்டு பொட்டிக்குள்ள விழுகோணுமுங்க."

அவள் குரல் உயரவில்லை. ஆனால் கால் அந்த இடத்தைவிட்டு நகரவும் இல்லை.

லட்சுமணசாமிக்கு வியர்த்துவிட்டது. நல்ல மனிதர். தப்பு எங்கே நடந்தது என்று மனதுக்குள் காலையிலிருந்து வந்தவர்களை ஒவ்வொருவராக நிறுத்திப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

"மேடம், காலையில கதவு திறந்தவுடனே ஒரு பெரியம்மா வந்தாங்க. அவங்களும் ரங்கம்மாள்தான். சீட்டு கொண்டுவரல. வீட்டுக்காரர் பேரக் கேட்டேன். 'அதெப்படிங்க வாயால சொல்றது'ன்னாங்க. பின்னால கூட்டம் நெருக்குது. ஜாடையாவது சொல்லுங்கன்னேன். 'மலைமேல இருக்கற சாமி பேரு'ன்னாங்க. 'நம்ம சாமிதானுங்களா?'ன்னு கேட்டேன். 'நம்ம சாமிதானுங்க'ன்னாங்க. 'கடைசியில சலம்னு முடியுங்களா?'ன்னேன். 'முடியுமுங்க'ன்னாங்க. நான் கிருத்திகை தவறாம மருதமலைக்குப் போறவன். எனக்கு மலைன்னா அதுதானே. மருதாசலம்னு பார்த்தேன், கோடு போட்டுட்டேன்."

"அந்த அம்மா நெத்தியில என்ன வச்சிருந்தாங்க?"

லட்சுமணசாமி யோசித்தார். "நாமம்."

"இன்னைக்குப் புரட்டாசிச் சனிக்கிழமை. எங்க தெருவுக்கே கோவிந்தா சத்தம் கேட்டுச்சு. நாமம் போட்டுக்கிட்டு வந்த அம்மாவுக்கு மலைன்னா எந்த மலைங்க தம்பி?"

லட்சுமணசாமி தலையில் கைவைத்துக்கொண்டார். பட்டியலில் இரண்டு பக்கம் தள்ளி, 'ரங்கம்மாள், கணவர் வெங்கடாசலம்' என்ற வரி கோடு விழாமல் காத்திருந்தது.

ஊரில் யாரும் அந்த இரண்டு ரங்கம்மாள்களைக் குழப்பிக்கொண்டதில்லை. ஒருத்தி மேக்காட்டு ரங்கம்மாள், இன்னொருத்தி மில்காரர் ஊட்டு ரங்கம்மாள். வெங்கடாசலம் நாயுடு கோயமுத்தூரில் பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர்; அதனால் ஊருக்கு அவர் மில்காரர். காலையில் மட்டும், ஏஜெண்டுகள் எல்லாரும் டீ வந்த மும்முரத்தில் இருந்த அந்தச் சில நிமிடங்களில், தப்பு நடந்துவிட்டது.

"அந்த அம்மா வந்து விவரத்தைச் சொல்லி, கைரேகை வச்சாங்கன்னா குறிப்பைத் திருத்திடலாம்" என்றார் மெஹராஜ்.

பாலுசாமி எழுந்தார். "திருத்துங்க, வேண்டாங்கல. ஆனா ஜாடை எல்லாம் ஆகாதுங்க மேடம். ஜாடையாலதான் இந்தக் குழப்பமே. அந்தக்கா தன்ற வாயால ஊட்டுக்காரர் பேரைச் சொல்லோணும். இல்லீன்னா நான் ஒத்துக்க மாட்டேன், எழுதிக் குடுத்துருவேன்."

பெண்கள் வரிசையில் சலசலப்பு எழுந்து அடங்கியது. பாலுசாமி எதை நம்பி அப்படிச் சொல்கிறார் என்று எல்லாருக்கும் புரிந்தது. வெங்கடாசலத்துக்கு நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, போன வாரம்தான் வீட்டுக்கு வந்திருந்தார். கட்டியவன் பேரை வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது அந்தப் பக்கத்துப் பெண்கள் பாலோடு குடித்த நம்பிக்கை. சாதாரண நாளிலேயே சொல்ல மாட்டார்கள். இப்படி ஒரு நாளில் எந்தப் பெண்பிள்ளை சொல்வாள்?

வரிசையில் நின்ற ஒருத்தி போய்ச் சொல்லிவிட்டு வருவதாகக் கிளம்பினாள். ரங்கம்மாளைச் சுவரோரமாக உட்காரச் சொன்னார்கள். மேசையில் வேலை நடந்தது. நடுவே ஆள் குறைந்தபோது மெஹராஜ் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அப்போதுதான் ரங்கம்மாளுக்கு மகள் சொல்லிவிட்டது நினைவு வந்தது.

"ஏனுங்க டீச்சர், ஒண்ணு கேக்கட்டுங்களா? எம்பொண்ணு கேக்கச் சொல்லுச்சு. பொம்பளைங்களுக்கு ஓட்டு வேணும்னு மொதல்ல ஆருங்க ஓட்டுப் போட்டாங்க?"

மெஹராஜ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"எத்தனாவது படிக்குது?"

"அஞ்சாவதுங்க."

"நல்லாக் கேட்டிருக்கு. ஆம்பளைங்கதாம்மா. மெட்ராஸ் சட்டசபையில, வெள்ளைக்காரன் காலத்துல, எழுபத்தஞ்சு வருசம் முந்தி. அந்தச் சபையில ஒரு பொம்பளை கிடையாது. அவங்க ஓட்டெடுத்து, பொம்பளைங்களும் போடலாம்னு முடிவு பண்ணினாங்க. ஆனா அவங்களாத் தூக்கிக் கொடுத்துடல. பொம்பளைங்க கூட்டம் போட்டாங்க, மனு எழுதினாங்க, வெள்ளைக்கார மந்திரிகிட்டயே போய்க் கேட்டாங்க."

"எல்லாருக்குமுங்களா?"

"எங்க! சொந்தமா சொத்து இருக்கறவங்களுக்குத்தான். எத்தன பொம்பளை பேர்ல அப்ப சொத்து இருந்திருக்கும்? பிறகு, சொத்து இருக்கற ஆம்பளையோட சம்சாரத்துக்கும்னு சேர்த்தாங்க."

"அப்ப ஓட்டும் ஊட்டுக்காரர் பேர்லதான் வந்துச்சா?"

"அப்படித்தான். சுதந்திரம் வந்த பிறகுதான் எல்லாருக்கும்னு ஆச்சு. அப்பவும் பாருங்க, முதல் தேர்தலுக்குப் பேரு எழுத வந்தாங்க. வடக்க லட்சக்கணக்கான பொம்பளைங்க தன் பேரச் சொல்லல. இன்னார் சம்சாரம், இன்னார் மகள்னு மட்டும் சொன்னாங்க. பேரில்லாதவங்களுக்கு ஓட்டில்லைன்னு அத்தன பேரையும் அடிச்சுட்டாங்க."

ரங்கம்மாள் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள். "அவிய தன்ற பேரச் சொல்லாம ஓட்டை உட்டாங்க. எனக்கு, இன்னொருத்தி ஊட்டுக்காரர் பேரச் சொல்லாததால ஓட்டுப் போகுது" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். கண் மட்டும் கலங்கியிருந்தது.

ஒன்று அவளை உறுத்திக்கொண்டிருந்தது. லட்சுமணசாமி முதலில், "உங்க வீட்டுக்காரர் பேரச் சொல்லுங்கம்மா" என்று கேட்டபோது அவளும் சொல்லவில்லை. சீட்டைத்தான் விரலால் தொட்டுக் காட்டினாள். இல்லாத மனிதருக்கு இனி என்ன ஆயுசு குறையப்போகிறது? இருந்தும் நாக்கு எழவில்லை. தன் நாக்கே எழாதபோது, கணவனைக் கட்டிலில் வைத்துக்கொண்டிருக்கிறவளை வந்து சொல் என்று கூப்பிட்டனுப்பியிருக்கிறோமே என்று நினைத்தபோது, எழுந்து போய்விடலாமா என்றுகூட இருந்தது.

அதற்குள் மில்காரர் வீட்டு ரங்கம்மாள் வந்துவிட்டார். ஐம்பத்தைந்து வயது, விரதத்தில் வாடிய முகம், நெற்றியில் நாமம். வேகமாக நடந்ததில் மூச்சு வாங்கியது. காலையில் போட்ட மை விரலில் கறுத்திருந்தது. வழியிலேயே எல்லாம் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

பாலுசாமி மரியாதையாகவே பேசினார். "அக்கா, நீங்க சிரமப்படாதீங்க. மாமன் இப்பத்தான் தேறி வர்றாரு. இதுக்கெல்லாம் பேரைச் சொல்லி எதுக்குங்க பழியத் தேடிக்கோணும்? ஊட்டுக்குப் போங்க. அந்தம்மிணிக்குக் கவர்ல போட வழி இருக்குது."

மில்காரர் வீட்டு ரங்கம்மாள் அவரைப் பார்த்தார்.

"பாலு, அன்னிக்கு இவிய நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உழுந்தப்ப உங்கூட்டுக் கார்லதான் கொண்டுபோனோம். அதை நான் மறக்கல சாமி. அதுக்குத்தான் விடிஞ்சதும் வந்து நாச்சிக்குப் போட்டுட்டுப் போனேன். இந்தம்மிணி பழனியாத்தாளுக்குப் போடுவான்னும் எனக்குத் தெரியும். அதுக்காக அவ ஓட்ட நான் வெச்சுக்க முடியுமா? அவ ஊட்டுச் சாமான் தெரியாம எங்கூட்டுக்கு வந்துபோச்சு. திருப்பிக் குடுக்காம நான் எப்படிச் சாமி கும்புடுவேன்?"

பாலுசாமி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"அக்கா, வேண்டாங்க" என்றாள் ரங்கம்மாள். அவளையும் மீறி வாயில் வந்துவிட்டது. "நான் கவர்லயே போட்டுக்கறேன். அவிய நல்லா இருக்கட்டும். நீங்க போங்க."

"நீ சும்மா இரு அம்மிணி."

அந்த அம்மாள் மேசைக்கு முன்னால் போய் நின்றார். வலது கை கழுத்துத் தாலியை முந்தானைக்குள் இறுகப் பிடித்திருந்தது. கண்ணை மூடினார். உதடு இரண்டு முறை அசைந்தது, சத்தம் வரவில்லை. வரிசையில் ஒரு பெண்ணும் மூச்சுவிடவில்லை.

"என்ற பேரு ரங்கம்மா. எங்கூட்டுக்காரர் பேரு... வெங்கடாசலம்."

சொல்லிவிட்டார். நாற்பது வருடம் வாய்க்குள் வைத்திருந்த பேர் அந்தப் பள்ளிக்கூட அறையில் தெளிவாகக் கேட்டது. கண்ணைத் திறந்து, கூரையைப் பார்த்து, "கோவிந்தா, நீ பாத்துக்கோ" என்று முணுமுணுத்தார். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

முதலில் எழுந்தவர் பாலுசாமிதான். தான் உட்கார்ந்திருந்த பெஞ்சை இழுத்து அவர் பின்னால் போட்டு, "உக்காருங்கக்கா" என்றார். பிறகு யாரையும் பார்க்காமல், "எனக்கு ஆட்சேபணை இல்லீங்க மேடம். திருத்திக்குங்க" என்றார். மனிதர்களுக்குள் ஈரம் எங்கேயோ இருக்கத்தான் செய்கிறது. அதைத் தொடுவதற்கு யாராவது ஒருவர் முதலில் எதையாவது கொடுக்க வேண்டியிருக்கிறது.

மெஹராஜ் குறிப்பு எழுதினார். கைரேகை வாங்கினார். தப்பான கோட்டுக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, சரியான வரியில் கோடு போட வைத்தார். ரங்கம்மாளின் விரலில் மை விழுந்தது. ஒவ்வொரு பதவிக்கும் ஒரு நிறமாக ஓட்டுச்சீட்டுகளைக் கொடுத்தார்கள். அவள் அட்டை மறைப்புக்குப் பின்னால் போனாள். மேலிருந்து எத்தனையாவது என்று யாரும் சொல்லவில்லை. அவளே ஒவ்வொன்றாகப் பார்த்தாள், அவளே குத்தினாள். மடித்துப் பெட்டியில் போட்டபோது, சீட்டு உள்ளே விழுந்த மெல்லிய சத்தம்கூட அவளுக்குக் கேட்டது.

வெளியே ஓடிவந்து பார்த்தாள். மில்காரர் வீட்டு ரங்கம்மாள் இல்லை. வீட்டைப் பார்த்து ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டதாகச் சொன்னார்கள். எதற்கு அந்த ஓட்டம் என்று ரங்கம்மாளுக்குத் தெரியும்.

சாயங்காலம் பூங்கொடி வாசலிலேயே மறித்துக்கொண்டாள். "கேட்டீங்களா?"

"கேட்டேன். ஆம்பளைங்கதான் போட்டாங்களாம். பொம்பளைங்க போய்க் கேட்ட பொறகு."

"அப்ப நல்ல ஆம்பளைங்களா?"

"நல்லவிங்களும் இருந்திருப்பாங்க, கண்ணு. கேட்டவிங்க அவிங்களவிட நல்லவிங்க."

"உங்க ஓட்டு விழுந்துச்சாங்கம்மா?"

"விழுந்துச்சு. மில்காரர் ஊட்டுப் பெரியம்மா வாங்கிக் குடுத்தாங்க."

அன்று இரவு அவள் நன்றாகத்தான் தூங்கினாள். ஆனாலும் கோழி கூவுமுன் விழிப்பு வந்துவிட்டது. மாட்டுக்குத் தீனி வைத்துவிட்டு, சின்னப் பாட்டிலில் நல்லெண்ணெய் ஊற்றி, திரி திரித்து முந்தானையில் முடிந்துகொண்டு ஊருக்குள் நடந்தாள். கிழக்கு அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது.

மில்காரர் வீட்டைத் தாண்டும்போது கால் தானாகத் தயங்கியது. சன்னலில் விளக்கு எரிந்தது.

"ஏண்டி, இது காப்பியா கழுநீரா? சக்கரைய எங்க ஒளிச்சு வெச்சுத் தொலைச்சே?" என்று உள்ளே வெங்கடாசலம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"டாக்டர் சொன்னது மறந்துபோச்சுங்களா? குடிங்க பேசாம!"

ரங்கம்மாளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இருந்த இடத்திலேயே கையெடுத்துக் கும்பிட்டாள். மனிதர் திட்டுகிற அளவுக்கு இருக்கிறார். அது போதும். ஆனாலும் அவள் வந்த வேலை பாக்கி இருந்தது.

பெருமாள் கோயில் கதவு சாத்தியிருந்தது. நேற்றைய கூட்டத்தின் துளசியும் தேங்காய் நாரும் வாசலில் இறைந்து கிடந்தன. வாசலுக்கு எதிரே நின்ற கல்தூண் விளக்கு காற்றில் அணைந்துபோயிருந்தது. யாரும் இல்லை. ஒரு நாய்கூட இல்லை. அவள் மேடையில் ஏறி, கரியைத் துடைத்து, எண்ணெய் ஊற்றி, திரியைப் போட்டுப் பற்றவைத்தாள். சுடர் ஒருமுறை படபடத்து, நிமிர்ந்து நின்றது.

சாத்திய கதவைப் பார்த்துக் கைகூப்பினாள். அவள் மருதமலைச் சாமியைக் கும்பிடுகிறவள். இந்தச் சாமியிடம் தனியாக வந்து எதுவும் கேட்டதில்லை. தெரியாத இடத்தில் போய்க் கேட்கும்போது, இன்னார் கேட்கிறேன் என்று சொல்லிக் கேட்பதுதான் முறை.

"சாமி, வெங்கடாசலம்ங்கறவருக்கு ஆயுசக் குறைச்சுப்போடாதீங்க. குறைஞ்சிருந்தா திருப்பிக் குடுத்துருங்க" என்றாள். பிறகு சற்று நின்று, தலையை நிமிர்த்திக்கொண்டு, வாய்விட்டுத் தெளிவாகச் சொன்னாள்.

"கேக்கறது மருதாசலம் சம்சாரம், ரங்கம்மா."